ஏழு விநாடி

யாரோ ஒரு சோம்பேறி எழுதியது என்றுதான்
முதலில் நினைத்தேன்.

மூன்றாம் எண் கன்வேயர். தொடக்கப் பொத்தான்.
சைரன்.
பிறகு ஏழு விநாடி சும்மா.
பிறகுதான் மோட்டார்.

மற்ற பட்டைகளுக்கெல்லாம் மூன்று போதும்.
இதற்கு மட்டும் ஏன் ஏழு?
குறிப்பு எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சொல் இல்லை,
முதலெழுத்துகள் மட்டும்:
வி.டி.

வெர்னா ட்வெய்ட்.
நான்தான்.

வட டக்கோட்டாவில் இருபத்தாறு குளிர்காலம்.
செப்டம்பரில் பீட்ரூட் லாரிகள் வரத் தொடங்கினால்
ஏப்ரல் வரை மூச்சுவிடாத சர்க்கரை ஆலை.
முதல் நாள் கருவிப்பெட்டியோடு வந்தவளிடம்
வாயில்காவலர் கேட்காமலே சொன்னார்,
கேன்டீன் அந்தப் பக்கம் என்று.
கடகடத்துக்கொண்டிருந்த ரிலே அலமாரிகளை
அந்த வருடம்தான் பிரித்துப் போட்டேன்.
அறை திடீரென்று ஊமையானதும்
ஆபரேட்டர்கள் எட்டிப் பார்த்தார்கள்,
ஏதோ செத்துவிட்டதுபோல.

திரை அப்போது பச்சை, பிறகு நீலம்,
இப்போது சாம்பல். கண்ணுக்கு அதுதான் நல்லதாம்.
கொதிகலன் நின்றுபோன தேதி மனப்பாடம்;
மகன் பிறந்த தேதியை
அதிலிருந்து நான்கைக் கூட்டித்தான் சொல்கிறேன்.
எவ்வளவோ வால்வுகளுக்கு
எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.
சொன்னபடி கேட்டன.
கேட்காதபோது
பெரும்பாலும் நான்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன்.

புது மேலாளர் ட்ரெவர் கணக்கோடு வந்தான்.
நாளைக்கு நாற்பது தொடக்கம்,
ஒவ்வொன்றிலும் நான்கு விநாடி வீண்,
பருவத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம்.
"அழித்துவிடலாமே, எதற்குப் பயம்?"

கணக்கு சரிதான்.
எழுதியவளுக்கே காரணம் மறந்துபோன ஒன்றை
அழிக்கத்தான் கை வரவில்லை.
எஃபிரேனின் கையுறை சிக்கியதே, அதனாலா?
இல்லை, அது ஐந்தாம் எண்.
கூரையிலிருந்து பனிக்கட்டி விழுந்ததே?
அது பட்டை வருவதற்கு முந்தைய வருடம்.

மைனஸ் முப்பத்தொன்று அன்றிரவு.
வெளியே மூன்று மாடி உயரத்துக்கு
உறைந்த பீட்ரூட் குவியல், விளக்கொளியில் நீலமாய்.
பட்டை நின்றிருந்த நேரம் பார்த்து
லேப்டாப்பை அணைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
மேலிருந்து ரேடியோவில் எஃபிரேன்:
"ரெடியா?"
"போடு."

சைரன்.
ஒன்று. ஒன்றுமில்லை.
இரண்டு. கியர்பெட்டியின் சூடு மேலேறும் இடத்தில்
பட்டையின் மேல் கிடந்த சாம்பல் துணிச்சுருள்
கண் திறந்தது.
மூன்று. கொட்டாவி.
நான்கு, முன்னங்கால்களை நீட்டி
முதுகை வில்லாய் வளைத்து
வாலின் நுனிவரை சோம்பல் முறித்ததில்
ஐந்தும் போயிற்று.
ஆறில் குதித்தது. அவசரமே இல்லாமல்.
ஏழில் பட்டை நகர்ந்தது.

அப்போதுதான் வந்தது நினைவு.
என் மூன்றாம் குளிர்காலம்.
ஓர்டெல் ஒரு சாக்குப்பையோடு பின்வாசல் வழியே போனார்.
திரும்பி வந்தவர்
ஷிஃப்ட் முடியும்வரை வாய் திறக்கவில்லை.
நானும் எதுவும் கேட்கவில்லை.
போய் உட்கார்ந்து
மூன்றை ஏழாக்கியிருக்கிறேன்.

இந்தப் பூனை அதற்கு எத்தனையாவது தலைமுறையோ.
அதன் வம்சத்துக்குக் கொட்டாவி விட
இன்னும் அதே நேரம்தான் ஆகிறது.

ட்ரெவரின் படிவத்தில்
"இயந்திரம் நிலைகொள்ளும் அவகாசம்" என்று நிரப்பினேன்.
படித்துப் பார்த்து, தலையாட்டி,
கையெழுத்துப் போட்டான்.

நிரலில், இத்தனை வருடம் காலியாயிருந்த கட்டத்தில்,
வேறு விதமாக எழுதினேன்:
பூனை. எழுந்து போக ஆறு. உபரி ஒன்று.
தொடாதே. வி.டி.

மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
கை சும்மா இருக்காமல்
கொதிகலன் பக்கத்து வடிகால் வால்வைத் திறந்து பார்த்தேன்.
அங்கே ஒரு பதினொன்று இருக்கிறது.
குறிப்பு இல்லை.
முதலெழுத்துகள்
என்னுடையவை அல்ல.